மழைக்காட்டில் ஒலிக்கும் உலக இசை

சரவாக் மாநிலத்தின் தலைநகரான கூச்சிங்கிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தொலைவில் சந்துபோங் மலை உயர்ந்து நிற்கிறது. அதன் அடிவாரத்தில், டாமாய் கடற்கரைக்கு அருகே, சரவாக் பண்பாட்டுக் கிராமம் அமைந்துள்ளது. ஈபான், பிடாயூ, மெலானாவ், பெனான் முதலிய இனத்தவரின் மரபு வீடுகளை அங்கே காணலாம். ஆண்டுக்கு ஒருமுறை, மூன்று நாள்களுக்கு, அக்கிராமம் முழுவதும் இசை நிறைந்திருக்கும். அதுவே மழைக்காட்டு உலக இசை விழா. சரவாக் சுற்றுலாக் கழகத்தின் ஏற்பாட்டில் 1998ஆம் ஆண்டு முதல் இவ்விழா நடைபெற்று வருகிறது. கோவிட்-19 பெருந்தொற்றின்போது தடைபட்ட விழா, பின்னர் மீண்டும் உயிர்பெற்றது.

ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆசியா எனப் பல கண்டங்களைச் சேர்ந்த கலைஞர்கள் இவ்விழாவில் பங்கேற்கின்றனர். தோல் கருவி, நரம்புக் கருவி, காற்றுக் கருவி என அவர்கள் கொண்டுவரும் கருவிகளும் பலவகைப்படும். எனினும், பல நாட்டுக் கலைஞர்களின் பெயர்கள் ஒரே பட்டியலில் இடம்பெறுவது மட்டும் பன்முகத்தன்மை ஆகிவிடுமா?

இக்கேள்விக்கான விடையை விழாவின் பகல்பொழுதில் காணலாம். இரவில் பெரிய மேடைகளில் ஒவ்வொரு குழுவும் தன் இசையைத் தனித்தனியே வழங்கும். பகலில் நிலைமை வேறு. நீள்வீடுகளிலும் அரங்குகளிலும் பயிலரங்குகள் நடைபெறும். வெவ்வேறு நாட்டுக் கலைஞர்கள் அங்கே ஒன்றாக அமர்ந்து, தங்கள் கருவிகளைப் பற்றிப் பார்வையாளர்களுக்கு விளக்குவர். பிறகு அனைவரும் சேர்ந்து வாசிக்கத் தொடங்குவர். ஒருவர் பேசும் மொழி மற்றவருக்குப் புரியாமல் போகலாம். ஆனால், ஒருவர் தாளத்தைத் தொடங்கினால், மற்றவர் அதைக் கூர்ந்து கேட்டு, தமக்குரிய இடம் அறிந்து இணைந்துகொள்வார். தன் ஒலியே மேலோங்க வேண்டும் என்று எவரேனும் நினைத்தால், அங்கே இசை பிறக்காது, இரைச்சல்தான் மிஞ்சும்.

விழாவில் உள்ளூர் இசைக்கும் தனி இடம் உண்டு. அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ‘சாப்பே’. இது கயான், கென்யா முதலிய ஓராங் உலு மக்களின் நரம்புக் கருவி. ‘ஓராங் உலு’ என்பதற்கு ஆற்றின் மேற்பகுதியில் வாழும் மக்கள் என்பது பொருள். ஒரே மரத்துண்டைக் குடைந்து, படகு வடிவில் சாப்பேயைச் செய்வார்கள். ஒரு நரம்பில் பண் ஒலிக்க, மற்ற நரம்புகள் தம்பூராவின் சுருதியைப்போல் துணை நிற்கும். முற்காலத்தில் நோய் தீர்க்கும் சடங்குகளில் சாப்பே இசைக்கப்பட்டது. பின்னர், நீள்வீட்டு நடனங்களுக்கும் அது துணையானது.

காலம் மாறியது. இளையோர் பலர் கல்விக்காகவும் வேலைக்காகவும் நகரங்களுக்குச் சென்றனர். சாப்பேயைக் கற்றுக்கொள்வோரின் எண்ணிக்கை குறைந்தது. அத்தகைய சூழலில் அக்கலையைக் காத்து வளர்த்தவர்களுள் ஒருவர் மேத்யூ ஙாவ் ஜாவ். அவர் இவ்விழா மேடையில் பலமுறை வாசித்தவர். நாட்டின் வாழும் மரபுச் செல்வமாக மதிக்கப்படுபவர். முன்பு பெண்கள் சாப்பே வாசிக்கக்கூடாது என்ற தடை இருந்தது. அவரோ பெண்களுக்கும் அதைக் கற்பித்தார். அவருடைய மாணவியரில் ஒருவரான அலேனா முராங், இன்று சாப்பே இசையை வெளிநாடுகளிலும் ஒலிக்கச் செய்கிறார்.

எனினும், இம்மாற்றத்தில் ஓர் இழப்பும் உண்டு. நீள்வீட்டுத் திண்ணையில், விளக்கொளியில், உற்றார் உறவினர் சூழ ஒலித்த இசை வேறு. ஒலிபெருக்கியின் துணையோடு ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் ஒலிக்கும் இசை வேறு. சடங்கில் அதற்கிருந்த பொருளை மேடையில் முழுமையாக உணர்த்த இயலாது. இன்று நரம்புகளின் எண்ணிக்கை கூடியுள்ளது. கித்தார், முரசு ஆகியவற்றோடும் சாப்பே சேர்ந்து ஒலிக்கிறது. மரபு மாறிவிட்டதே எனக் கவலைப்படுவோரின் குரலில் நியாயம் இருக்கிறது. அதேவேளையில், எவரும் வாசிக்காமல் சுவரில் தொங்கும் சாப்பேயால் மரபைக் காக்க முடியாது என்பதும் உண்மையே.

ஆகவே, ஓர் இசை விழாவின் பன்முகத்தன்மையை எத்தனை நாட்டுக் கொடிகள் பறக்கின்றன என்பதைக்கொண்டு மட்டும் அளவிட முடியாது. உள்ளூர்க் கலைஞருக்குத் தொடக்க விழாவில் சில நிமிடங்கள் மட்டும் ஒதுக்கப்படுகின்றனவா, அல்லது உலகக் கலைஞர்களுக்கு இணையான மேடை வழங்கப்படுகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். விழா முடிந்த பிறகு எத்தனை இளையோர் அக்கருவியைக் கையில் எடுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

இக்கேள்விகள் சாப்பேக்கு மட்டும் உரியவை அல்ல. கோயில் திருவிழாவில் நாதசுவரமும் உறுமியும் ஒலிக்கக் கேட்கும் நமக்கும் அவை பொருந்தும். பிறர் இசையைச் செவிமடுப்பது நற்பண்பு. பிறர் செவிமடுக்கும் வகையில் நம் இசையைக் கற்று வைத்திருப்பது நம் கடமை.