அடுப்படியில் கற்ற எழுத்து

"அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு?" என்று கேட்ட காலம் மலையேறிவிட்டது என்று மேடைதோறும் பேசுகிறோம். தலைநகர்த் தமிழ்க் குடும்பங்களில் இன்று பெண் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாதவர்களைக் காண்பது அரிது. ஆயினும் அந்தப் பெண்ணுக்கு ஒரு துன்பம் வரும்போது நாம் சொல்லும் அறிவுரை மட்டும் பாட்டி காலத்ததாகவே இருக்கிறது. "பொறுத்துக்கொள் அம்மா, கஷ்டப்பட்டால்தான் மனத்தில் உறுதி வரும்" என்கிறோம்.

துன்பம் தானாகவே ஒருவரை உறுதியாக்கிவிடுமா? அப்படியானால் மிகவும் அடிபட்டவர்களே மிகவும் உறுதியானவர்களாக இருக்க வேண்டும். துன்பத்தில் உடைந்து போனவர்களே அதிகம் என்பதை நாம் அறிவோம். உடையாமல் எழுந்தவர்களிடம் துன்பத்தைத் தவிர வேறு ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும். அது என்ன என்று அறிய, ஐந்து பெண்களையும் அவர்கள் எழுதியவற்றையும் இங்கே பார்ப்போம். மூவர் வங்காளிகள், இருவர் தமிழர்கள். இவர்களுள் மூவரின் நூல்கள் ஆங்கிலத்தில் நம் தில்லிப் பதிப்பகங்களிலிருந்தே வெளிவந்தன என்பது நமக்கு ஒரு கூடுதல் உரிமை.

கனவில் படித்த நூல்

இன்றைய வங்கதேசத்தின் பாப்னா பகுதியில் 1810ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர் ராஸ்சுந்தரி தேவி. 12 வயதில் மணமாகிப் பெரிய குடும்பம் ஒன்றுக்கு மருமகளாகச் சென்றார். அடுத்தடுத்துப் பிள்ளைப்பேறு, ஓயாத சமையல், எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத் தாம் உண்ண நேரமில்லாத நாட்கள். படித்த பெண் விதவையாவாள் என்ற நம்பிக்கை அக்கால வங்காளத்தில் வலுவாக இருந்தது. ஒரு பெண் காகிதத்தைக் கையில் எடுப்பதே குற்றமாகக் கருதப்பட்டது.

ஒரு நாள் அவருக்கு ஒரு கனவு வந்தது. சைதன்ய பாகவதத்தைத் தாமே படித்துக்கொண்டிருப்பதாகக் கனவு. விழித்த பின்னும் அந்த மகிழ்ச்சி நீங்கவில்லை. அதே நூல் வீட்டில் இருப்பது தெரிந்ததும், அதிலிருந்து ஓர் ஏட்டை எடுத்து அடுப்படியில் ஒளித்து வைத்தார். மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்துக்கொண்டார். சிறுமியாக இருந்தபோது பிறந்த வீட்டில் நடந்த பள்ளியில் காதில் விழுந்த எழுத்துக்களின் ஒலி நினைவில் இருந்தது. நினைவிலிருந்த ஒலியையும் ஓலையிலிருந்த வடிவத்தையும் ஏட்டிலிருந்த வரியோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு, யாருக்கும் தெரியாமல் படிக்கக் கற்றார். அப்போது அவருக்கு வயது சுமார் 25. எழுதக் கற்றது அதற்கு வெகு காலம் பின்னர்.

1876இல் வெளிவந்த அவருடைய 'ஆமார் ஜீபன்', அதாவது 'என் வாழ்க்கை', வங்க மொழியின் முதல் தன்வரலாறு என்று பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. வரலாற்றாசிரியர் தனிகா சர்க்கார் இதனை ஆராய்ந்து ஆங்கிலத்தில் தந்த நூலை, 1999இல் தில்லியின் 'காளி ஃபார் விமன்' பதிப்பகம் வெளியிட்டது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது வரிசையை. எழுத்து முதலில் வரவில்லை. "நான் படிப்பவள்" என்று தம்மைத் தாமே காணும் கற்பனை முதலில் வந்தது. கை அதன் பின்னால் சென்றது.

சென்னையில் அச்சான கனவு

அடுத்தவரும் கனவு கண்டவர்தான். ஆனால் இவர் விழித்துக்கொண்டே கண்டார். 1880இல் ரங்பூர்ப் பகுதியில் பிறந்த பேகம் ரொக்கையா, கடுமையான பர்தா முறையில் வளர்ந்தார். வீடு உறங்கிய பின் அண்ணன் அவருக்கு ஆங்கிலம் கற்பித்தார். அக்காள் வங்காளம் பயில உதவினார். மணமான பின், பாகல்பூரில் அதிகாரியாக இருந்த கணவர் சகாவத் ஹுசைன் அவருடைய எழுத்தை ஊக்குவித்தார்.

அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' என்ற சிறுகதை 1905இல் வெளிவந்தது. எங்கே தெரியுமா? நம் சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திவந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில். கதையில் வரும் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். பெண்கள் ஆட்சி செய்கிறார்கள். பெண்களின் பல்கலைக்கழகம் ஒன்று மேகத்திலிருந்து நீரை இறக்குகிறது. மற்றொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறது. படையெடுத்து வந்தவர்களை அந்த வெப்பத்தைக் கொண்டே விரட்டிவிடுகிறார்கள். அந்நாட்டுச் சமையலறையில் புகை இல்லை, கரி இல்லை. சூரிய வெப்பத்திலேயே சமைக்கிறார்கள்.

சூரிய அடுப்பைப் பற்றி ஒரு பெண் 1905இல் எழுதியிருக்கிறார் என்றால் வியப்பாக இருக்கும். புகையில் கண் எரிந்தவருக்குத்தானே புகையில்லாத அடுப்பு கற்பனையில் வரும்! ரொக்கையா இந்தக் கற்பனையோடு நின்றுவிடவில்லை. 1909இல் கணவரை இழந்த பின், 1911இல் கல்கத்தாவில் எட்டே மாணவியரோடு ஒரு பெண்கள் பள்ளியைத் தொடங்கி, 1932இல் மறையும் வரை நடத்தினார். கற்பனை அவருக்குத் தப்பியோடும் வழியாக இருக்கவில்லை. கட்டப்போகும் வீட்டுக்கு வரைபடமாக இருந்தது.

சொல்லச் சொல்ல எழுதிய தோழி

இனி நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 1901இல் பிறந்த வை.மு. கோதைநாயகிக்கு ஐந்து வயதிலேயே திருமணம் ஆயிற்று. பள்ளிக்குச் சென்றதில்லை. ஆனால் கதை கட்டிச் சொல்வதில் வல்லவர். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். கணவர் பார்த்தசாரதி அவரை நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். பார்த்த நாடகங்கள் மனத்தில் ஊறி, தாமும் ஒன்று இயற்ற வேண்டும் என்ற ஆவல் எழுந்தது. கதை தயாராக இருந்தது. எழுதத்தான் கை பழகவில்லை.

அப்போது தோழி பட்டம்மாள் உதவிக்கு வந்தார். கோதைநாயகி சொல்லச் சொல்ல, பட்டம்மாள் எழுதினார். இப்படி உருவானதே 'இந்திர மோகனா' நாடகம். பின்னர் அந்தத் தோழியிடமே எழுதவும் கற்றுக்கொண்டார் கோதைநாயகி. 1925இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று, பல பத்தாண்டுகள் ஆசிரியராக நடத்தினார். 115 நாவல்கள் எழுதினார். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றபோது அங்கும் எழுத்தை விடவில்லை. பெண் பத்திரிகை படிப்பதையே பலர் ஏளனம் செய்த காலத்தில், பத்திரிகை நடத்திக் காட்டியவர் அவர்.

115 நாவல்களின் ஆசிரியரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். முதல் நூலைக் கைவலிக்க எழுதிக் கொடுத்த பட்டம்மாளை எத்தனை பேர் நினைக்கிறோம்? இந்தப் பாடத்தில் அவருக்கும் ஓர் இடம் உண்டு.

இரவில் எழுதிய கவிதை

ஒரு நூற்றாண்டு கடந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? 1968இல் திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் பிறந்த சல்மாவின் வாழ்க்கை, இல்லை என்கிறது. 13 வயதில் அவர் பள்ளி நிறுத்தப்பட்டது. அதன்பின் வீடுதான் உலகம். கிடைத்த புத்தகங்கள்தான் துணை. மணமான பிறகும் எழுதுவதற்கு எதிர்ப்பு இருந்தது. எல்லோரும் உறங்கிய பின் குளியலறையில் நின்றபடி எழுதினார். எழுதிய தாள்கள் ரகசியமாக வெளியே போக அவருடைய தாயார் உதவினார். தம் சொந்தப் பெயரை மறைத்து 'சல்மா' ஆனார்.

2004இல் வந்த அவருடைய நாவல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'. ஒரு முஸ்லிம் சிற்றூரின் வீடுகளுக்குள் வாழும் பெண்களின் கதை இது. ராபியா என்ற சிறுமி பெரியவர்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டு வளர்கிறாள். அந்தப் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் கதைகள், கேலிகள், பெருமூச்சுகள் எல்லாம் நாவலில் உண்டு. இது முஸ்லிம் பெண்களுக்கு மட்டுமான கதை என்று எண்ணிவிட வேண்டாம். எந்த மதத்து அடுப்படியிலும் இந்தக் குரல்களைக் கேட்கலாம். இதன் ஆங்கில மொழிபெயர்ப்பை லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் செய்தார். 2009இல் தில்லியின் 'ஸுபான்' பதிப்பகம் வெளியிட்டது.

2001இல் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் போட்டியிட்டுப் பொன்னம்பட்டிப் பேரூராட்சித் தலைவரானார் சல்மா. உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தந்த 1992ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தங்கள் இல்லாவிட்டால் அந்தக் கதவு திறந்திருக்காது. எழுத்து மட்டும் போதாது, சட்டமும் வேண்டும் என்பதற்கு இது சான்று. ஒளிந்து எழுதிய அந்தப் பெண், 2025 ஜூலையில் மாநிலங்களவை உறுப்பினராக நம் நகரத்தின் நாடாளுமன்றத்தில் பதவியேற்றார்.

தூசி தட்டிய கை

கடைசி நூல் நமக்கு மிக அருகில், குர்காவ்னில் பிறந்தது. வங்காளத்தைச் சேர்ந்த பேபி ஹால்தார் சிறுமியாக இருந்தபோதே தாய் வீட்டை விட்டுச் சென்றுவிட்டார். பேபியின் படிப்பு பாதியில் நின்றது. 12, 13 வயதில், தம்மைவிட இரு மடங்கு மூத்தவரோடு திருமணம், உடனே தாய்மை, கணவனின் அடியுதை. 1999இல் மூன்று குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு தலைநகருக்கு ரயில் ஏறினார். இங்கே வீட்டு வேலை செய்து பிழைத்தார்.

ஒரு வீட்டில் ஓய்வுபெற்ற பேராசிரியர் பிரபோத் குமார் இருந்தார். இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் பேரன். அலமாரியைத் துடைக்கும்போது பேபியின் கை வங்க நூல்களருகே தயங்கி நிற்பதை அவர் கவனித்தார். முதலில் தஸ்லிமா நஸ்ரினின் இளமைக் கால நினைவு நூலைப் படிக்கக் கொடுத்தார். பிறகு ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் கொடுத்து, "உன் வாழ்க்கையை எழுது" என்றார். வேலை முடிந்து, குழந்தைகள் உறங்கிய பின் பேபி எழுதினார். அந்த நூல் 'ஆலோ ஆந்தாரி', அதாவது 'ஒளியும் இருளும்', 2002இல் முதலில் இந்தி மொழிபெயர்ப்பாக வெளிவந்தது. மூலமான வங்காளம் அதன் பின் வந்தது. 2006இல் ஊர்வசி புட்டாலியாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஸுபான் வெளியீடாக வந்தது. என்.சி.இ.ஆர்.டி.யின் 11ஆம் வகுப்பு இந்தித் துணைப்பாட நூலிலும் இதன் ஒரு பகுதி இடம்பெற்றது. நம் வீட்டுப் பிள்ளைகளில் சிலர் தேர்வுக்காக இதைப் படித்திருக்கக்கூடும்.

இந்நூலில் ஒரு சிறப்பு உண்டு. சில இடங்களில் "நான்" என்று எழுதும் பேபி, சில இடங்களில் தம்மையே "பேபி" என்று வேறொருத்தியைப் போலச் சொல்கிறார். அடிபட்ட அந்தச் சிறுமியைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கிறார், அவளுக்காக இரங்குகிறார். நடந்ததை மாற்ற முடியாது. நடந்ததைச் சொல்பவளாக மாற முடியும்.

தில்லியில் வீட்டு வேலை செய்பவர்களில் நம் தமிழ்ப் பெண்களும் இருக்கிறார்கள். ஜங்புரா அருகே பாராபுல்லா வடிகாலோரம் இருந்த மதராசி கேம்ப் அப்படிப்பட்ட பல குடும்பங்களின் இருப்பிடமாக இருந்தது. 2025 ஜூன் 1 அன்று அது இடிக்கப்பட்டது. தகுதி பெற்ற குடும்பங்களுக்கு நகரின் வடக்கு ஓரத்தில் உள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. வேலையும் பள்ளியும் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்று ஆன அந்தச் சிறுமிகளின் கதையை யார் எழுதப்போகிறார்கள்? அவர்களே எழுத வேண்டும். அதற்கு யாராவது ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு எதிரே உட்கார வேண்டும்.

ஐவரும் சொல்வது

இப்போது முதல் கேள்விக்குத் திரும்புவோம். ஐவரிடமும் துன்பம் இருந்தது; ஆனால் அது மட்டும் இருக்கவில்லை. ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒரு தாளோ ஏடோ வந்து சேர்ந்தது. தம்மை வேறொரு நிலையில் காணும் கற்பனை இருந்தது. ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரு துணையும் கிடைத்தது: ஓர் அண்ணன், ஒரு தோழி, ஒரு தாய், ஒரு முதலாளி. ராஸ்சுந்தரிக்குக்கூட, அவர் படிப்பது பின்னர் வெளியே தெரிந்தபோது, நாத்தனார்கள் கோபிக்கவில்லை, மகிழ்ந்தார்கள்.

ஆகவே "பொறுத்துக்கொள்" என்பது பாதி அறிவுரை கூட அல்ல. "என்ன நடந்தது, சொல்" என்பதே முழு அறிவுரை. சொல்லும் பெண்ணுக்குத் தெளிவு பிறக்கிறது. கேட்கும் வீட்டுக்குப் பொறுப்பு பிறக்கிறது.

வீட்டில் செய்து பார்க்க

நம் பெண் குழந்தைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. "எழுதத் தெரியாதே" என்று விட்டுவிட வேண்டாம். பட்டம்மாள் வழி இருக்கிறது. வாரம் ஒரு நாள், அரை மணி நேரம், மகள் சொல்லட்டும், தாய் எழுதட்டும். அடுத்த வாரம் பாட்டி சொல்லட்டும், பேத்தி தனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதட்டும். அப்பாவும் அண்ணன் தம்பிகளும் கேட்க உட்காரட்டும். ரொக்கையாவுக்கு விளக்கேற்றிப் பாடம் சொன்னவர் அண்ணன்தான்.

பேசுவதற்குச் சில கேள்விகள்:

1. ராஸ்சுந்தரி ஏட்டை ஒளித்து வைத்தது திருட்டா? உங்கள் கருத்து என்ன, ஏன்?

2. ரொக்கையாவின் கற்பனை நாட்டில் ஆண்கள் அடைபட்டிருக்கிறார்கள். அது நியாயமா? அப்படி எழுதியதன் நோக்கம் என்னவாக இருக்கும்?

3. பிரபோத் குமார் பேனா கொடுக்காமல் பணம் மட்டும் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்?

4. உங்கள் வீட்டில் யாருடைய கதை இதுவரை கேட்கப்படவில்லை?

நான்காவது கேள்விக்கு உடனே விடை சொல்லிவிட வேண்டாம். வீட்டில் உள்ளவர்களை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பாத்திரம் துலக்க வருபவரையும் சேர்த்துப் பாருங்கள்.