பழைய கணினியும் பின்னணிப் பணிகளும்

ஏரியில் நீர் குறைந்த காலத்தில் உழவர் செய்வது யாது? வேண்டாத மடைகளை அடைத்துவிட்டுப் பயிர் நிற்கும் வயலுக்கே நீரைச் செலுத்துவர். கல்வராயன் மலையை அடுத்த சங்கராபுரத்து மாணவர் இதனை நன்கு அறிவர். பழைய கணினிக்கும் இம்முறை பொருந்தும்.

தமிழ்நாட்டு அரசு 2011ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளி மாணவர்க்கும் அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்க்கும் விலையில்லா மடிக்கணினிகளை வழங்கியது. தமக்கை பெற்ற கணினி தம்பிக்கும் உதவக்கூடும். மெல்ல இயங்குகிறது என்று அதனை ஒதுக்கிவிடுதல் தகாது. புதியதொன்று வாங்குதல் எல்லார்க்கும் இயல்வதன்று.

கணினியைத் திறந்தவுடன், நாம் ஏவாமலே பல பணிகள் திரைக்குப் பின்னால் தொடங்குகின்றன. ஒவ்வொன்றும் நினைவகத்தில் ஓர் இடத்தைப் பற்றிக்கொள்கிறது. நினைவகம் நிரம்பினால், கணினி அதிலுள்ள சிலவற்றை வட்டில் வைத்து, வேண்டும்போது மீட்டெடுக்கிறது. வட்டோ நினைவகத்தினும் மிக மெதுவானது. ஆதலின் தாமதம் நேர்கிறது.

விண்டோஸ் கணினியில் 'சர்வீசஸ்' என்னும் பகுதியில் இப்பணிகளின் பட்டியலைக் காணலாம். அச்சிடும் வேலையே இல்லாத வீட்டில் 'பிரிண்ட் ஸ்பூலர்' எதற்கு? கோப்புகளை அரிதாகத் தேடுவோர்க்கு, அவற்றை ஓயாது அட்டவணைப்படுத்தும் 'விண்டோஸ் சர்ச்' எதற்கு? அவற்றின் தொடக்க முறையை 'டிசேபிள்டு' என மாற்றினால், மறுமுறை அவை தாமே எழா.

ஆயினும், நச்சுநிரல்களைத் தடுக்கும் பாதுகாப்புப் பணிகளை நிறுத்துதல் கூடாது. மடையை அடைக்கலாம், கரையை வெட்டலாமா? ஒரு நேரத்தில் ஒரு பணியையே மாற்றுக. அதன் பெயரையும் முந்தைய நிலையையும் ஏட்டில் குறித்துக்கொள்க. இடர் நேரின் பழைய நிலைக்கு மீட்கலாம். ஒன்றன் பயனை அறிந்த பின்னரே அதனை நிறுத்துதல் அறிவுடைமையாகும்.