மூளைப் படமும் முதுமையின் மறதியும்

பாமன்கடை, வெள்ளவத்தைப் பக்கத்தில் நீரிழிவுள்ள அம்மாவோ அப்பாவோ கேட்ட கேள்வியையே மறுபடியும் கேட்டுவிட்டால், "அறளை பெயர்ந்துவிட்டதோ" என்று பிள்ளைகள் கலங்குவதும், எம்.ஆர்.ஐ. ஸ்கான் ஒன்று எடுத்தால் உண்மை வெளிச்சமாகிவிடும் என்று கனடாவிலிருந்து காசு வந்து சேர்வதும் இப்போது சர்வ சாதாரணமாகிவிட்டன.

அந்தக் கலக்கம் ஆதாரமற்றதன்று. நீரிழிவுக்காரருக்கு மறதிநோய் வரும் அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு என்று நெதர்லாந்தின் ரொட்டர்டாம் ஆய்வு 1999இலேயே காட்டியது. ஆனால், படம் பார்த்தே புத்தியின் நிலையை அறிந்துவிடலாம் என்பது பிரமை. வயோதிகர் பலரின் மூளைப் படத்தில் வெள்ளைத் திட்டுகளும் சற்றே சுருக்கமும் தென்படும். அவற்றுடனே வீட்டுக் கணக்கைப் பிசகாமல் பார்ப்போரும் உண்டு, படம் சுத்தமாயிருந்தும் தடுமாறுவோரும் உண்டு. வட அமெரிக்காவில் நடந்து 2011இல் முடிவு வெளியான அக்கோர்ட்-மைண்ட் பரிசோதனையில், சர்க்கரையை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தியவர்களுடைய மூளை 40 மாதங்களில் குறைவாகச் சுருங்கியிருந்தபோதிலும், ஞாபகசக்தியிலும் சிந்தனையிலும் அவர்களுக்கு யாதொரு மேன்மையும் காணப்படவில்லை. அக்கடுமையோ, மரணங்கள் அதிகரித்த காரணத்தால் 2008இலேயே நிறுத்தப்பட்டிருந்தது.

ஸ்கான் வீண் என்பதல்ல என் அபிப்பிராயம். விழுந்த பின் மூளையைச் சுற்றித் தேங்கிய இரத்தம், கட்டி, அறியாமல் வந்துபோன பாரிசவாதம் ஆகியவற்றைக் காட்டுவது அதுவே. வைத்தியர் கேட்டால் எடுக்கத்தான் வேண்டும். ஆயினும் முதற்சோதனை ஒரு தாளும் பென்சிலும்தான். வட்டமொன்று வரைந்து, அதில் இலக்கங்களை எழுதி, பதினொன்று பத்துக்கு முட்களை வைக்கச் சொல்லும்போது, நேற்றுவரை மணி பார்த்து மருந்து குடித்தவர் பெரிய முள்ளைப் பத்தென்ற இலக்கத்திலேயே வைத்துவிடக்கூடும். ராகமையில் நடந்து 2003இல் வெளியான ஆய்விலும் 65 வயதைக் கடந்த 703 பேரை முதலில் கேள்விகளைக் கொண்டே சோதித்தார்கள். நூற்றுக்கு நான்கு பேரிடமே மறதிநோய் காணப்பட்டது. 65 வயதான நீரிழிவுக்காரருக்கு ஆண்டுதோறும் இத்தகைய சோதனை வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்கிறதேயன்றி, ஆண்டுதோறும் ஸ்கான் என்று சொல்லவில்லை.

படத்தில் அகப்படாத காரணங்களே அநேகம்: மெட்போமினை நெடுங்காலம் குடிப்பதால் வரும் பி12 குறைவு, தைரொயிட் மந்தம், மனச்சோர்வு, எல்லாவற்றுக்கும் மேலாகச் சர்க்கரை தாழ்தல். "சீனி எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு நல்லது" என்பதும் நம்மவரிடம் வேரூன்றிய நம்பிக்கைதான். குளிசை குடித்ததை மறந்து இன்னொன்றைக் குடித்து, வியர்த்து மயங்கி ஆஸ்பத்திரிக்குப் போகும் முதியவருக்குப் பிற்காலத்தில் மறதிநோய் வரும் சாத்தியம் கூடுதல் என்று 2009இல் கலிபோர்னியாவிலிருந்து வெளியான பெரிய ஆய்வு தெரிவித்தது.

ஆகவே ஸ்கானுக்குக் காசு சேர்க்குமுன், அடுத்த கிளினிக் நாளில் ஒருவர் கூடவே சென்று, குளிசைகளையும் கிளினிக் கொப்பியையும் வைத்தியரின் மேசையில் வைத்து, பி12 பார்த்தாயிற்றா, சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்கிறதா என்று கேளுங்கள்.