முட்டையின் தரமும் நிபந்தனைச் சங்கிலியும்

நாமக்கல் என்றதும் முட்டையும் லாரியும் நினைவுக்கு வரும். கோழிப்பண்ணையில் முட்டைகளை எடை பார்த்துத் தரம் பிரிக்கும் வேலையை ஒரு கணிப்பொறியிடம் ஒப்படைப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கான நிரலைப் பைத்தான் மொழியில் எழுத வேண்டும். 1991-இல் கைடோ வான் ரோசம் வெளியிட்ட இம்மொழியை இன்று பள்ளிகளிலும் கற்பிக்கிறார்கள்.

அக்மார்க் முறையில் முட்டையின் எடைத் தரங்கள் இவை:

மிகப் பெரியது: 60 கிராமும் அதற்கு மேலும்
பெரியது: 53 முதல் 59 கிராம்
நடுத்தரம்: 45 முதல் 52 கிராம்
சிறியது: 38 முதல் 44 கிராம்

சங்கிலியில் ஓர் இடைவெளி

பைத்தானில் ஒரு நிபந்தனையைக் கேட்க ‘இஃப்’ என்ற சொல் உண்டு. அது பொய்யானால் அடுத்ததைக் கேட்க ‘எலிஃப்’ என்ற சொல் உண்டு. மேலே உள்ள அட்டவணையை அப்படியே நிரலாக்கினால் அதன் பொருள் இவ்வாறு இருக்கும்:

எடை 38 முதல் 44 வரை எனில், தரம் சிறியது.
இல்லையேல், 45 முதல் 52 வரை எனில், தரம் நடுத்தரம்.
இல்லையேல், 53 முதல் 59 வரை எனில், தரம் பெரியது.
இல்லையேல், 60 அல்லது அதற்கு மேல் எனில், தரம் மிகப் பெரியது.

பார்ப்பதற்குச் சரியாகவே உள்ளது. இப்போது 52.6 கிராம் முட்டை ஒன்றைத் தராசில் வையுங்கள். அது 52-ஐத் தாண்டிவிட்டது, 53-ஐ எட்டவில்லை. ஆகவே நான்கு நிபந்தனைகளில் ஒன்றுகூட அதற்குப் பொருந்தாது! எடை என்பது தொடர்ச்சியான அளவு. அட்டவணையோ முழு எண்களில் உள்ளது. கோளாறு இங்குதான் தொடங்குகிறது.

இதைவிடப் பெரிய தீங்கு ஒன்றும் உண்டு. முட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது, எந்த நிபந்தனையும் பொருந்தாவிட்டால், ‘தரம்’ என்ற மாறியில் முந்திய முட்டையின் தரமே தங்கிவிடும். முந்தியது மிகப் பெரியதாக இருந்தால் இதுவும் மிகப் பெரியது என்றே கணக்கில் ஏறும். கணிப்பொறி எந்த எச்சரிக்கையும் தராது. வாங்குபவருக்கோ விற்பவருக்கோ நட்டம் வந்த பிறகே தவறு தெரியும்.

மேலிருந்து கேட்டால்?

53-ஐ எட்டாத முட்டை நடுத்தரமே என்று நாம் முடிவு செய்துகொள்வோம். அப்படியானால் கீழ் எல்லைகள் மட்டும் போதும். 60-ஐ எட்டியதா? இல்லையேல் 53-ஐ? இல்லையேல் 45-ஐ? இல்லையேல் 38-ஐ? எதையும் எட்டாதது தரத்திற்குக் கீழ். இப்போது இடைவெளி மறைந்துவிட்டது.

ஆனால் இங்கு வரிசை முக்கியம். மறந்துபோய் 38-ஐ முதலில் கேட்டுவிட்டால், 65 கிராம் முட்டையும் ‘ஆம்’ என்று முதல் வாயிலிலேயே நுழைந்து சிறியதாகிவிடும். நான்கு வரிகளில் இதைக் கண்டுபிடிக்கலாம், நாற்பது வரிகளில்?

எண்களை வெளியே எடுங்கள்

சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது. மாறுவது எண்ணும் பெயரும் மட்டுமே. ஆகவே அவற்றைத் தனியே பட்டியலிடுவோம். பைத்தானின் 3-ஆம் பதிப்பில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம்:

எல்லைகள் = [38, 45, 53, 60]
தரங்கள் = ["தரத்திற்குக் கீழ்", "சிறியது", "நடுத்தரம்", "பெரியது", "மிகப் பெரியது"]

இனி ஒரே வேலைதான்: முட்டை எத்தனை எல்லைகளை எட்டியுள்ளது என்று எண்ணுவது. 52.6 கிராம் முட்டை 38-ஐயும் 45-ஐயும் எட்டியுள்ளது, ஆக 2. பைத்தான் பட்டியலை 0 முதல் எண்ணும். 0 தரத்திற்குக் கீழ், 1 சிறியது, 2 நடுத்தரம். விடை கிடைத்துவிட்டது! நாளை எல்லை மாறினால் ஓர் எண்ணை மாற்றினால் போதும். எல்லைகளைவிடத் தரங்கள் எப்போதும் ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

இப்படி எண்ணித் தருவதற்குப் பைத்தானிலேயே ‘பைசெக்ட்’ என்ற கருவித் தொகுப்பு உள்ளது. எல்லைகள் ஏறுவரிசையில் இருந்தால், அது நடுவில் உள்ள எல்லையை முதலில் பார்த்து, வேண்டாத பாதியை ஒதுக்கிவிடும். 1000 எல்லைகள் இருந்தாலும் 10 ஒப்பீடுகளுக்குள் முடிந்துவிடும். சரியாக 53 கிராம் உள்ள முட்டை ‘பெரியது’ ஆக வேண்டுமானால், அதிலுள்ள ‘பைசெக்ட் ரைட்’ என்பதையே பயன்படுத்த வேண்டும். ‘பைசெக்ட் லெஃப்ட்’ அதை நடுத்தரத்தில் சேர்த்துவிடும்.

லாரிக்கு வேறு வழி

லாரியின் பதிவெண்ணைப் பார்த்து ஊரைச் சொல்வது வேறு வகை. இங்கு எல்லைகள் இல்லை. எண் அப்படியே பொருந்த வேண்டும். இதற்குப் பைத்தானின் அகராதி உதவும்:

ஊர் = {28: "நாமக்கல்", 34: "திருச்செங்கோடு", 52: "சங்ககிரி"}

அகராதி ஒவ்வோர் எண்ணாக ஒப்பிட்டுக்கொண்டு போவதில்லை. கொடுத்த எண்ணிலிருந்தே அதன் இருப்பிடத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். ஊர்[99] என்று இல்லாத எண்ணைக் கேட்டால், பிழை என்று அறிவித்து நின்றுவிடும். வாய் மூடித் தவறான விடை தருவதைவிட இது நல்லதல்லவா?

எல்லாச் சங்கிலிகளும் பட்டியலில் அடங்கா. ஓடு உடைந்ததா என்ற கேள்விக்கும் எடைக்கும் தொடர்பில்லை. அத்தகைய கேள்விகளை முதலிலேயே கேட்டு, உடைந்ததை ஒதுக்கிவிட்டுப் பிறகு எடைக்கு வருவதே தெளிவான வழி. இரண்டு மூன்று கேள்விகளே உள்ள இடத்தில் சாதாரணச் சங்கிலியே போதும்.

செய்து பாருங்கள்

37.9, 38, 44.5, 60 கிராம் எடையுள்ள நான்கு முட்டைகளின் தரத்தை, முதல் சங்கிலியாலும் பட்டியல் முறையாலும் தாளில் எழுதிக் கண்டுபிடியுங்கள். இரண்டும் எங்கு வேறுபடுகின்றன?

விடை: பட்டியல் முறையில் முறையே தரத்திற்குக் கீழ், சிறியது, சிறியது, மிகப் பெரியது. முதல் சங்கிலியில் 37.9-க்கும் 44.5-க்கும் விடையே இல்லை. நிரலைச் சோதிக்கும்போது நடுவில் உள்ள எண்களைவிட எல்லையை ஒட்டிய எண்களையே முதலில் கொடுத்துப் பாருங்கள். தவறு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.