தோட்டப் பணியும் பாதப் பாதுகாப்பும்

சென்னையில் 1835ஆம் ஆண்டு வேளாண் தோட்டக்கலைச் சங்கம் உருவாக முன்னின்ற ராபர்ட் வைட், ஓர் அறுவை மருத்துவர். மருத்துவர்களாகிய நாங்களும் தோட்டக் குழுக்களை மகிழ்ச்சியுடன் வரவேற்கிறோம். விதைகளையும் நாற்றுகளையும் பகிர்ந்துகொண்டு, பள்ளியிலும் பூங்காவிலும் ஒன்றுகூடிச் செடி நடுவோர்க்கு உடலுழைப்பும் நட்பும் ஒருங்கே கிடைக்கின்றன. நோயாளரைப் பேணுவோர்க்கும் அது நல்ல ஆறுதல்.

ஆயினும், நீரிழிவு உள்ளோர் ஒன்றை மறக்கலாகாது. நீண்டகால நீரிழிவு பாத நரம்புகளைப் பாதித்து உணர்ச்சியைக் குறைக்கக்கூடும். அந்நிலையில் வெறுங்காலில் முள் தைத்தாலும் வலி தெரியாது. வலி இல்லாமையால் புண் கவனிக்கப்படாமல் ஆழமாகிறது. சிலருக்கு விரலையோ பாதத்தையோ அகற்றவும் நேரிடுகிறது.

ஆகவே, தோட்டத்தில் விரல்களை மூடும் காலணியும் கையுறையும் அணியுங்கள். அணியுமுன் காலணிக்குள் கல்லோ முள்ளோ உள்ளதா எனக் கையால் தடவிப் பாருங்கள். வீடு திரும்பியதும் பாதங்களைக் கழுவி, விரலிடுக்குகளில் ஈரமின்றித் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் நோக்குங்கள். பார்வை குன்றியவர்க்குக் குடும்பத்தினர் பார்த்துச் சொல்ல வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசியைப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளுங்கள். உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோரும் புற்றுநோய்க்கு மருந்து பெறுவோரும், மண்ணையும் மக்கிய உரத்தையும் கையாளுமுன் தம் மருத்துவரைக் கலந்தாலோசிப்பது அவசியம்.

பாதத்தில் சிறு கீறல் தென்பட்டாலும், வலிக்கவில்லையே எனக் காத்திராமல் அன்றே எங்களிடம் காட்டுங்கள். புண் ஆறிய பின் மீண்டும் செடிகளிடம் செல்லலாம்.