வெள்ளைப் பட்டியில் அச்சடித்திருக்கும் எண்

ரோட்டோரமாகக் கேபிள் புதைக்கும் வேலை முடிந்து ஆட்கள் போன பிறகு, கானுக்குப் பக்கத்தில் சில வேளை ஒரு வெள்ளைப் பட்டித் துண்டு கிடக்கும். பார்வைக்குக் காரில் போடும் சீட் பெல்ட் மாதிரி. ஆனால் அதைவிட ஒடுக்கம், அதைவிட மெல்லிசு. அதன் மேல் கறுப்பு மையில் எண்கள் வரிசையாக அச்சடித்திருக்கும். நம் ஆட்கள் அதை வீணாக விடுவதில்லை. கொண்டுவந்து உடுப்புக் காயப்போடுவார்கள், ஆடு கட்டுவார்கள், விறகுக் கட்டைச் சுற்றுவார்கள். "அண்ணே, இது ஆனையைக் கட்டுற பட்டி, அறவே அறாது" என்று ஒரு தம்பி என்னிடமே சொன்னார். ஆனையைக் கட்டுமோ இல்லையோ, அந்தத் துண்டில் இருக்கும் எண்ணை அவர் வாசித்துப் பார்க்கவில்லை. இம்முறை அந்த எண்ணைப் பற்றிப் பார்ப்போம்.

இதற்குப் பெயர் பொலியெஸ்டர் இழுவைப் பட்டி. நிலத்துக்குள் புதைத்த குழாயின் ஊடாகக் கேபிளை இழுப்பதற்கென்று நெய்யப்பட்டது. பொலியெஸ்டர் இழையை 1941 இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். நாம் உடுத்தும் டெற்றோன் துணியிலும் இதே இழைதான் இருக்கிறது. தட்டையாக நெய்வதற்குக் காரணம் உண்டு. மெல்லிய உருண்டைக் கயிறு குழாயின் வளைவில் உரசும்போது வாள் போல அறுத்துக்கொண்டு போகும். பட்டி அகலமாகப் படிவதால் அப்படி வெட்டாது.

கேபிள் இழுக்கும் முறை நமக்குப் புதியதல்ல. பொல்பிட்டிய மின்நிலையம் 1969 இல் வேலை தொடங்கியது. இந்தப் பக்கத்து மின்நிலையங்களிலிருந்து புறப்பட்டு நம் தேயிலை மலைகளுக்கு மேலாகப் போகும் பெரிய கம்பிகளைப் பாருங்கள். பள்ளத்தைத் தாண்டி அவ்வளவு பாரக் கம்பியை எப்படிக் கொண்டுபோவார்கள்? முதலில் மெல்லிய கயிறு ஒன்று போகும். அதன் வாலில் தடித்த கயிறு. அதன் வாலில்தான் கம்பி. குழாய்க்குள்ளும் இதே கதைதான். முதலில் நூல், நூலின் பின்னால் பட்டி, பட்டியின் பின்னால் கேபிள் அல்லது பைப்.

கடையில் வாங்கும்போது

கடைக்காரர் "நைலோன் கயிறு" என்று கொடுப்பதெல்லாம் நைலோன் இல்லை. நீலம், பச்சை, மஞ்சள் நிறத்தில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் பொலிபுரொப்பிலீன். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு சாண் துண்டை வெட்டி, இழையைப் பிரித்து, வாளித் தண்ணீருக்குள் அமுக்கிக் காற்றுக் குமிழி எல்லாம் போகும்வரை பிசைந்துவிட்டுக் கையை எடுங்கள். மிதந்தால் அது பொலிபுரொப்பிலீன் வகை. மூழ்கினால் நைலோன் அல்லது பொலியெஸ்டர். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொண்டு செய்விக்க நல்ல சோதனை இது.

மிதக்கிற கயிறு கூடாது என்பதல்ல. சும்மா கட்டி வைக்க அது போதும். ஆனால் வெயிலில் கிடந்தால் சீக்கிரம் நொய்ந்து, தொட்டால் தூள் தூளாக உதிரும். நைலோன் நல்ல பலம், ஆனால் தண்ணீரைக் குடிக்கும். நனைந்தால் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் பலம் குறையும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கங்களில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் இடங்கள் உண்டு. இப்படியான ஊரில் கயிறு எந்நாளும் நனைந்த கயிறுதான். பொலியெஸ்டர் தண்ணீரைக் குடிப்பதில்லை என்றே சொல்லலாம். நனைந்தாலும் பலம் அப்படியே நிற்கும், வெயிலையும் மற்ற இரண்டைவிட நன்றாகத் தாங்கும். நமக்கு அதுதான் தோது.

எண் சொல்வது என்ன?

பட்டியில் இரண்டு வகை எண் இருக்கும். அடி அடியாகக் கூடிக்கொண்டு போவது நீள அளவு. குழாய் எத்தனை அடி என்று அறிய உதவும். மற்றது 1250, 1800, 2500 என்று இருக்கும். அது இறாத்தல் கணக்கு. அவ்வளவு பாரத்துக்கு இழுத்தால் புதுப்பட்டி அறும் என்பதே அதன் பொருள். அவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்று பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். கிலோவில் சொன்னால் 1250 இறாத்தல் ஏறக்குறைய 567 கிலோ, 2500 இறாத்தல் 1134 கிலோ.

வேலைக்கு எடுக்கும்போது இதில் ஐந்தில் ஒரு பங்கையே நம்பவேண்டும். ஏன் இவ்வளவு குறைவு? ஒரு முடிச்சுப் போட்டாலே ஏறக்குறையப் பாதிப் பலம் போய்விடும். மிச்சத்தை உரசலும், சடுதியான வெட்டி இழுப்பும், பழமையும் தின்னும். ஆகவே 1250 பட்டிக்கு 113 கிலோ, 2500 பட்டிக்கு 226 கிலோ.

ஒரு கணக்குப் போடுவோம். 200 கிலோ சபுக்கு மரக்கட்டை ஒன்றைப் பள்ளத்திலிருந்து ரோட்டுக்கு இழுக்கவேண்டும். சரிவு 30 பாகை. கட்டையின் பாரத்தில் பாதி, 100 கிலோ, கீழ்நோக்கி இழுக்கும். மண்ணில் உரசுவது இன்னும் 80, 90 கிலோ. மொத்தம் 190 கிலோவுக்குக் கிட்ட. "கட்டையை இழுக்கத்தானே போகிறோம், தூக்கவில்லையே" என்று 1250 பட்டியைக் கட்டினால் போதாது. அதிலும் கட்டை ஒரு வேரில் மாட்டிக்கொண்டால் கணக்கு எங்கேயோ போய்விடும். மாட்டியதும் இழுப்பதை நிறுத்தி வேரை வெட்ட வேண்டும்.

எங்கள் பீலி வேலை

சில வருடங்களுக்கு முன் எங்கள் லயத்துப் பீலியிலிருந்து ரோட்டுக்கு அடியால் கறுப்புப் பைப் ஒன்று கொண்டுவரச் சிரமதானம் வைத்தோம். கல்வெட்டின் வழியாக நைலோன் கயிறு விட்டு ஆறு பேர் இழுத்தோம். பைப் நடுவில் இறுகிவிட்டது. நாங்கள் விடவில்லை. கயிறு நீண்டுகொண்டே வந்தது. பைப் வருகிறது என்று நினைத்து இன்னும் இழுத்தோம். முடிச்சு வழுகிற்று. கயிறு சாட்டை போலத் திரும்பி ஒரு பையனின் புருவத்தில் விழுந்தது. மூன்று தையல். ஒரு விரற்கடை கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். அன்று யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை. இழுத்தவர்களில் நானும் ஒருவன்.

நைலோன் அறுமுன் தன் நீளத்தில் கால் பங்கு வரை நீளக்கூடியது. நீண்டதெல்லாம் உள்ளே சேர்த்து வைத்த விசை. பொலியெஸ்டர் அதில் பாதியளவே நீளும். அடுத்த முறை பட்டி கொண்டுவந்தோம். சொப்பிங் பை ஒன்றைக் கசக்கிப் பந்தாக்கி, அதில் நூலைக் கட்டி, மேல் பக்கத்தால் தண்ணீரோடு விட்டோம். தண்ணீரே நூலைக் கீழே கொண்டுவந்தது. நூலில் பட்டி, பட்டியில் பைப். பைப்பின் முனையைக் கூம்பாக வெட்டி, பட்டியை அதன் மேல் மூன்று இடத்தில் சுற்றி இறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப் ஒட்டினோம். ஒருவர் மேலே நின்று பைப்பைத் தள்ள, கீழே மூவர் சாதுவாக இழுத்தார்கள். இழுத்தவர்களைத் தவிர மற்றவர்கள் பட்டி போகும் நேர்கோட்டிலிருந்து விலகி ஒரு பக்கமாக நின்றார்கள். பொலியெஸ்டரும் அறுந்தால் அடிக்கும்.

பட்டி வழுக்கும் தன்மையுள்ளது. இரண்டு துண்டை இணைக்க, ஒன்றில் தளர்வாகச் சாதாரண முடிச்சு ஒன்று போட்டு, மற்றதின் முனையை அந்த முடிச்சு வந்த வழியே எதிர்ப்பக்கமாக, முறுக்கு விழாமல் படியப் படிய நுழைத்து இறுக்குங்கள். முனைகள் நாலு விரலுக்குக் குறையாமல் வெளியே நிற்கட்டும். இந்த முடிச்சு இழுக்க இழுக்க ஊர்ந்து போகும். ஒவ்வொரு இழுப்புக்கும் முன் பாருங்கள்.

கூரைத் தகரம்

தென்மேல் பருவக் காற்றுக்கு முன் லயக் கூரையில் மண்மூட்டையும் பழைய டயரும் ஏற்றுவது நம் வழக்கம். மணிக்கு 100 கிலோமீற்றர் காற்று ஒரு சதுர மீற்றருக்கு 45 கிலோவுக்கு மேல் விசை தரும். எட்டடித் தகரம் ஒன்றை அது ஏறக்குறைய 80 கிலோ அளவில் மேலே இழுக்கலாம், கூரை ஓரத்தில் அதைவிட அதிகம். 25 கிலோ மூட்டை எந்த மூலைக்கு? தகரம் பறந்தால் மூட்டையும் சேர்ந்து யார் தலையிலோ விழும்.

தகரத்தை மரத்தோடும் மரத்தைச் சுவரோடும் பிணைப்பதே சரியான வேலை. அதைத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டுச் செய்விக்கவேண்டும். அதுவரைக்கும் பட்டியைக் கூரைக்கு மேலால் குறுக்காகப் போட்டு, இரு பக்கமும் ஆழமாக அறைந்த முளையில் கட்டலாம். தகர விளிம்பு பட்டிக்குக் கத்தி. விளிம்பில் படும் இடமெல்லாம் பழைய செருப்பு றப்பரை மடித்து வையுங்கள். கூரைக்குப் பக்கத்தால் மின்கம்பி போனால் பட்டியை எறியவே வேண்டாம்.

காய்ந்த பொலியெஸ்டர் மின்சாரம் கடத்தாது என்பது உண்மை. நனைந்து சேறு பிடித்த பட்டி கடத்தும். மின்கம்பிக்குப் பக்கத்து மரத்தைப் பட்டி கட்டி இழுத்து விழுத்துவது நம் வேலை அல்ல; மின்சாரக் காரியாலயத்துக்கு அறிவித்துவிட்டுக் காத்திருங்கள்.

இன்னொன்றைக் கடுமையாகவே சொல்லவேண்டியிருக்கிறது. மரத்தில் ஏறிக் கிளை வெட்டுகிறவர் இடுப்பில் இந்தப் பட்டியைக் கட்டக்கூடாது. நீளாது என்று மேலே புகழ்ந்தோமே, அதே குணம் இங்கே எமன். ஆறடி விழுந்தவரைச் சட்டென்று நிறுத்தும்போது பல நூறு கிலோ விசை ஒரே கணத்தில் இடுப்பிலும் முடிச்சிலும் விழும். பட்டி அறாவிட்டால் முதுகெலும்பு முறியலாம். மரத்தில் ஏறுவதற்கென்றே செய்த உடற்பட்டி வேறு இருக்கிறது, அதைக் கேளுங்கள். ரோட்டோரத்தில் பொறுக்கிய துண்டில் பிள்ளைத் தொட்டில் கட்டுவதும் இதே மாதிரிதான். அது ஏற்கனவே ஒரு கேபிளை முக்கி முனகி இழுத்துவிட்டுக் கிடக்கும் துண்டு. எவ்வளவு பலம் மிச்சம் என்று அதைப் போட்டவருக்கே தெரியாது. அதில் ஆட்டைக் கட்டுங்கள், உடுப்புக் காயப்போடுங்கள்.

வேலை முடிந்ததும் சேற்றைக் கழுவி, நிழலில் காயவிட்டு, சுருட்டிக் காம்பராவில் வையுங்கள். ஈரச் சுண்ணாம்பும் சீமெந்துக் குழம்பும் பொலியெஸ்டரை அரிக்கும். கொத்தனார் சாமான்களோடு போடாதீர்கள். வெட்டிய முனையை மெழுகுதிரியில் உருக்கினால் நூல் பிரியாது, ஆனால் உருகிய சொட்டு விரலில் விழுந்தால் தோலோடு வரும். ஓரத்தில் வெட்டு விழுந்த இடம், சூடுபட்டு மினுங்குகிற இடம், தடவும்போது விறைத்திருக்கும் இடம் கண்டால் அந்த முழத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தின் நீளத்தைப் புதிதாக எண்ணி வையுங்கள்.