போல்_வெயிட் காத்திருக்காது

ஒரு சாட் சர்வர் எழுதுறோம்னு வெச்சுக்கோங்க. ஆயிரம் பேர் கனெக்ட் ஆகியிருக்காங்க, நம்மகிட்ட இருக்கிறது ஒரே த்ரெட். ஒருத்தரோட சாக்கெட்ல ரீட் கூப்பிட்டா, அவர் ஏதாவது அனுப்புற வரைக்கும் த்ரெட் தூங்கிடும். மீதி 999 பேரும் அவருக்காக உக்காந்திருக்கணும். சாக்கெட்டை நான்-பிளாக்கிங் ஆக்கினா ரீட் தூங்காது. டேட்டா இல்லன்னா 'ஈஅகெய்ன்' எரர் தந்துட்டு உடனே திரும்பிடும். சரி, மறுபடி எப்போ கேக்கறது? சும்மா லூப்ல கேட்டுக்கிட்டே இருந்தா சிபியு கோர் ஒண்ணு அதுலயே காலி.

அதனால கெர்னலே நமக்குச் சொல்லணும். லினக்ஸ்ல அதுக்கான வழி விஎஃப்எஸ் லேயர்லயே இருக்கு. திறந்திருக்கிற ஒவ்வொரு ஃபைலுக்கும் 'ஃபைல்_ஆபரேஷன்ஸ்'னு ஒரு ஃபங்ஷன் பாயின்டர் பட்டியல் உண்டு. ரீட், ரைட் கூடவே அதுல 'போல்'னும் ஒண்ணு. சாக்கெட், பைப், டெர்மினல் எல்லாம் தன் போலைத் தானே எழுதி வெச்சிருக்கும்.

அந்த போல் ரெண்டு வேலை செய்யும். முதல்ல போல்_வெயிட் கூப்பிட்டு, கேட்டவரை ஒரு வெயிட் க்யூல பதிஞ்சுக்கும். அப்புறம் 'இப்போ படிக்கலாமா, எழுதலாமா'ன்னு ஒரு பிட் மாஸ்க் தரும். பேரைப் பாத்து ஏமாந்துடாதீங்க, போல்_வெயிட் ஒரு நொடிகூடக் காத்திருக்காது. பதிவு மட்டும்தான். தூங்குறது வெளியில, கூப்பிட்டவரோட வேலை.

இந்த வரிசை ரொம்ப முக்கியம். மாத்திப் பாருங்க: முதல்ல நிலவரம் பாக்குறோம், டேட்டா இல்ல. பதியறதுக்குள்ள பாக்கெட் வந்துடுது. எழுப்பலாம்னு பாத்தா க்யூல யாருமே இல்ல. அதுக்கப்புறம் நாம பதிஞ்சுட்டுத் தூங்கினா, பக்கத்துலயே டேட்டா இருந்தும் எழுந்திருக்க மாட்டோம். டிரைவர் எழுதுறவங்க இதை ஒருநாளும் மறக்கக்கூடாது.

1983ல 4.2 பிஎஸ்டியோட வந்த 'செலக்ட்', ஒவ்வொரு தடவையும் முழுப் பட்டியலையும் ஸ்கேன் பண்ணும். 2002ல லினக்ஸுக்கு வந்த 'ஈபோல்' ஒரு தடவை பதிஞ்சா போதும்னு வெச்சுக்குது. பதிஞ்சதெல்லாம் ரெட்-பிளாக் ட்ரீயில இருக்கும். டேட்டா வந்ததும் வெயிட் க்யூவோட கால்பேக் அந்த ஃபைலைத் தயார்ப் பட்டியல்ல சேர்க்கும். ஈபோல்_வெயிட் அந்தப் பட்டியலைத்தான் பாக்கும், சும்மா இருக்கிற ஆயிரம் சாக்கெட்டைத் தொடாது.

எட்ஜ்-ட்ரிகர்ட் மோடுல போனா மட்டும் உஷார். ஈஅகெய்ன் வர்ற வரைக்கும் படிச்சு முடிக்கணும். பாதியில விட்டா, புதுசா டேட்டா வந்தாத்தான் அடுத்த தகவல். அந்தப் பக்கம் இருக்கிறவர் நம்ம பதிலுக்காகக் காத்திருந்தா? ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்.

இன்னொண்ணு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. எக்ஸ்ட்4ல இருக்கிற சாதாரண ஃபைலை ஈபோல்ல சேர்த்துப் பாருங்க, 'ஈபெர்ம்' எரர் வரும். அதோட பட்டியல்ல போலே கிடையாது. செலக்ட்கிட்ட கேட்டா எப்பவும் 'ரெடி'ன்னு சொல்லும், ஆனா டேட்டா பேஜ் கேஷ்ல இல்லன்னா ரீட் டிஸ்க்குக்காகத் தூங்கும். நான்-பிளாக்கிங் ஃப்ளாக் போட்டாலும் அதேதான். சிங்கிள் த்ரெட்னு பேர் வாங்கின நோட் ஜேஎஸ், ஃபைல் வேலைக்காகப் பின்னாடி ஒரு த்ரெட் பூல் வெச்சிருக்கிறது இதுக்குத்தான். சும்மா விட்டா அதுல 4 த்ரெட்.